கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள்?

பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் திருட்டிலோ அடிதடியிலோ பிடிபட்டார்கள் என்று செய்தி வந்தால், கேட்பவர் வாயில் முதலில் வருவது, "கேட்க ஆளில்லாத பிள்ளை, அதான் இப்படி" என்பதுதான். அப்பா அம்மா இல்லாதவன், தெருவில் வளர்ந்தவன் என்று நாமாகவே முடிவுசெய்துவிடுகிறோம். இப்படிப் பிடிபடும் சிறார்களை வழக்கு விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடம்தான் கூர்நோக்கு இல்லம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வேறு கதை சொல்கிறது.

2013-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் அந்த ஆண்டு பிடிபட்ட சிறார்கள் 43,506 பேர். அவர்களில் 35,244 பேர் பெற்றோருடன் வசித்தவர்கள். 5,800 பேர் பாட்டி, மாமா, சித்தப்பா போன்ற யாரோ ஒரு பாதுகாவலருடன் இருந்தவர்கள். வீடே இல்லாதவர்கள் 2,462 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. பிந்தைய ஆண்டு அறிக்கைகளிலும் போக்கு இதுவேதான்.

இவ்வளவு பழைய கணக்கை எடுத்ததற்குக் காரணம் உண்டு. குடும்ப வருமானத்தையும் அந்த அறிக்கை பிரித்துக் காட்டுகிறது. பிடிபட்டவர்களில் 21,860 பேரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்குள் இருந்தது. சரிபாதிக்குச் சற்று மேல். நாள் கணக்கில் பார்த்தால் மொத்தக் குடும்பத்துக்கும் எழுபது ரூபாய்க்குள். படிப்பு விஷயத்தில், 8,392 பேர் எழுத்தறியாதவர்கள், 13,984 பேர் ஆரம்பப் பள்ளி அளவிலேயே நின்றவர்கள். இரண்டையும் கூட்டினால் இதுவும் பாதிக்கு மேல் போகிறது.

ஆக, பிள்ளைகளுக்கு வீடு இருந்திருக்கிறது. பெற்றோரும் இருந்திருக்கிறார்கள். பணமும் பள்ளியும்தான் இல்லை. ஒழுக்கம் சொல்லிக்கொடுக்காத பெற்றோர் என்று குடும்பத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும்.

நகரத்தில் வீட்டுவேலைக்கோ ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ போகும் தாய், பிள்ளை எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார். ஷேர் ஆட்டோ பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்ப இருட்டிவிடும். தந்தை பெயிண்டிங், சென்ட்ரிங், லோடு ஏற்றும் வேலை என்று கிடைத்ததைச் செய்பவர். கூலியில் ஒரு பகுதி டாஸ்மாக்குக்குப் போய்விடும் வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2003 முதல் சில்லறை மதுவிற்பனை முழுக்க அரசின் கையில் இருக்கிறது. பெற்றோருடன் வசிக்கிறான் என்று படிவத்தில் எழுதப்படும் பையனுக்கு, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை பேச்சுக்கொடுக்கக்கூட வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை. அந்த அம்மா பிள்ளைமேல் அக்கறையில்லாதவர் என்று சொல்வது பெரிய அநியாயம். அவர் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. 2022-இல் பிடிபட்ட 37,780 சிறார்களில் 78.6 விழுக்காட்டினர் பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருந்தவர்கள். இந்த வயதில் சட்டம் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரைதான். அதற்குப் பிறகு அவன் பள்ளியில் இருக்கிறானா என்று கேட்க வேண்டிய சட்டக் கடமை யாருக்கும் இல்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ பதினான்கு வயது தாண்டியவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்ப்பதை மட்டும் தடுக்கிறது. பதினெட்டு ஆகாததால் ஒழுங்கான கம்பெனி வேலையும் கிடைக்காது. மெக்கானிக் கடை, கறிக்கடை, கேட்டரிங், பேனர் கட்டுவது என்று நாள்கூலிக்கு அலையும் நான்கு ஆண்டுகள் அவை. பெரும்பாலான வழக்குகள் அந்த நான்கு ஆண்டுகளின் பின்பாதியில் விழுகின்றன.

பள்ளியை விட்டு வந்தது எப்படி?

பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள்மேல் வரும் வழக்குகளைக் கையாள்வது இளைஞர் நீதிச் சட்டம். அதற்கான 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் ஆறாம் படிவம் என்று ஒன்று உண்டு. சமூக விசாரணை அறிக்கைக்கான படிவம் அது. பையன் முதன்முறையாக, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட பதினைந்து நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் பேசி, பள்ளியில் விசாரித்து இதை நிரப்பித் தர வேண்டும். படிவத்தில் பள்ளியை விட்டதற்கான காரணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. ஃபெயிலானது, ஆசிரியர்களின் பாராமுகம், வீட்டுக்குச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம், பெற்றோரின் திடீர் மரணம், சக மாணவர்களின் சீண்டல், அடி, அவமானம், பயிற்றுமொழி, பக்கத்தில் பள்ளியே இல்லாதது என்று நீள்கிறது. வாசித்துப் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தின் தவறுகள். பையனுடைய குறை என்று சொல்லக்கூடியவை ஒன்றிரண்டுதான்.

நம் ஊர்ப் பள்ளிகளில் இது எப்படி நடக்கிறது என்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அடிக்கடி வராமல் போகிறான். வருகைப் பதிவேட்டில் "லாங் ஆப்சென்ட்" ஆகிறான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடுமே என்ற பயம் பள்ளிக்கு. அவன் திரும்பி வராமலிருந்தால் அது ஒரு வகையில் நிம்மதி. நல்ல தலைமையாசிரியர்கள் வீடு தேடிப் போய்க் கூட்டிவந்த கதைகளும் நிறைய உண்டு. ஆனால் அது அவர்களுடைய நல்ல மனதால் நடக்கிறதே தவிர, ஏற்பாட்டால் நடப்பதில்லை.

சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெளியேற்றம். கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் இருந்த குடியிருப்புகளை அகற்றி, 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று புறநகரில் குடிவைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கல்வியாண்டின் நடுவில் இருபது கிலோமீட்டர் தள்ளித் தூக்கிப் போட்டால் பழைய பள்ளியும் போகும், பெற்றோரின் பழைய வேலையும் போகும். கூடவே, கூப்பிட்டால் எட்டிப் பார்க்கும் அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டுத் தாத்தா என்று பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு தெருவே போய்விடும். அப்புறம் முகவரியே ஒரு பழி. வேலைக்கு மனுப்போடும்போது ஊர்ப் பெயரை மறைக்கிற இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். வேறெங்காவது பைக் காணாமல் போனாலும் போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தப் பிளாக்குகளில்.

பையன்களைப் பயன்படுத்திக்கொள்ளும் பெரியவர்கள் தேடி வருவதும் இங்கேதான். பதினெட்டுக்குள் இருப்பவனுக்குப் பெரும்பாலும் பெரிய தண்டனை கிடையாது என்பது கஞ்சா விற்பவர்களுக்கும் ரவுடி கும்பல்களுக்கும் தெரியும். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்க, வேவு பார்க்க, சில சமயம் வெட்டுவதற்கே சிறுவனை அனுப்புகிறார்கள். செல்போன், பைக், பிரியாணி, "தம்பி, உனக்கு நான் இருக்கேன்" என்று சொல்லும் ஒரு அண்ணன். வீட்டில் கிடைக்காத கவனம் அங்கே கிடைக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு, குழந்தையைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் அபராதமும் என்கிறது. ஆறாம் படிவத்திலும் இவனை யாராவது பயன்படுத்தினார்களா என்ற கேள்வி இருக்கிறது. அதை ஒழுங்காகக் கேட்டு எழுதினால், பல வழக்குகளில் அனுப்பியவனையும் சேர்த்துப் பிடிக்க முடியும்.

வறுமை மட்டுமே காரணமா?

இல்லை. நாங்குநேரியை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இந்த மாணவர்கள் கற்றுக்கொண்டது பட்டினியில் இருந்து வந்ததில்லை. கையில் கட்டும் கயிறு, ஊர்த் திருவிழா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வீட்டுப் பெரியவர்களின் பேச்சு என்று எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஊட்டி வளர்த்த ஒன்று அது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்ததும், அடுத்த ஆண்டு அறிக்கை வந்ததும் இதைத் தொடர்ந்துதான். குடும்பப் பின்னணி என்று சொல்லும்போது குடிகாரத் தந்தையை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். சாதிப் பெருமையைச் சோற்றோடு ஊட்டும் கண்ணியமான குடும்பமும் ஒரு பின்னணிதான். வருமானக் கட்டத்தில் அது தெரியாது.

போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் வழக்குகளில் வந்துசேரும் பையன்கள் இன்னொரு வகை. வன்கொடுமை வழக்குகள் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் காதலித்து ஊரைவிட்டுப் போய், பெண்வீட்டார் புகாரில் பையன் மட்டும் கூர்நோக்கு இல்லத்துக்கு வருவதும் அதே சட்டப் பிரிவுகளின் கீழ்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. பையன் வேறு சாதி, அதிலும் தாழ்த்தப்பட்ட சாதி என்றால் புகார் எவ்வளவு வேகமாக வரும் என்று விளக்கத் தேவையில்லை.

பிடிபடுகிறவர்களும் விடப்படுகிறவர்களும்

மேலே சொன்ன எண்கள் எல்லாம் பிடிபட்டவர்களைப் பற்றியவை. தவறு செய்த எல்லாச் சிறாரையும் பற்றியவை இல்லை. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், ஏழைப் பிள்ளைகள்தான் குற்றம் செய்கிறார்கள் என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம். வசதியான பள்ளியில் ஒருவன் இன்னொருவனின் மண்டையை உடைத்தால், இரண்டு வீட்டாரும் முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். அதே அடிதடி மார்க்கெட் வாசலில் நடந்தால் ஸ்டேஷனுக்குப் போகும். தவறுக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் இடையில் ஒரு சல்லடை இருக்கிறது. அக்கம்பக்கம், போலீஸ், வக்கீல், ஜாமீன் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் பேர் வெளியேறிவிட, கடைசியில் தங்குபவர்கள், தங்களுக்காக வந்து பேச யாரும் இல்லாதவர்கள்.

2024 மே 19 அன்று புனேயில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கட்டுமானத் தொழிலதிபரின் பதினேழு வயது மகன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றே ஜாமீன், விபத்தைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்ன நிபந்தனையோடு. நாடே கொதித்த பிறகு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஜூன் 25-இல் மும்பை உயர் நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாது என்று சொல்லி, அத்தையின் பொறுப்பில் அவனை விடுவித்தது.

உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். கோபத்தில் சிறுவனை அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. என் வருத்தம் வேறு. அந்தச் சரியான வாதத்தை எடுத்துவைக்க அவனுக்காக ஒரு அத்தையும், அவருக்குப் பின்னால் தேர்ந்த வழக்கறிஞர்களும் உயர் நீதிமன்றம் வரை போக முடிந்தது. அதற்குச் சுமார் ஒன்றரை ஆண்டுக்கு முன், 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். கணவரை இழந்த ஒரு தாயின் மகன். 31-ஆம் தேதி இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் இல்லாத, பெரியவர்கள் யாரும் உடன் சேராத வழக்கில் சிறுவன்மேல் முதல் தகவல் அறிக்கையே போடக் கூடாது. காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதி, பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். அந்த விதியைச் சுட்டிக்காட்டி அன்றைக்கு அந்தத் தாய்க்காகப் பேச யார் இருந்தார்கள்?

இளைஞர் நீதிச் சட்டத்தில் ஜாமீன் பற்றிய 12-ஆம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, சிறுவனை ஜாமீன்தாரரோடோ இல்லாமலோ விட்டுவிட வேண்டும் என்பதுதான் பொது விதி. மூன்று காரணங்களுக்காக மட்டும் மறுக்கலாம்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், ஒழுக்க, உடல், மன ரீதியான ஆபத்துக்கு ஆளாவான், நீதியின் நோக்கம் கெடும். பிள்ளையின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட வரிகள்தான். நடைமுறையில் முதல் இரண்டும் அவன் குடியிருக்கும் தெருவைப் பார்த்தே எழுதப்பட்டுவிடுகின்றன. "தந்தை குடிப்பவர், தாய் வேலைக்குச் செல்பவர், சுற்றுப்புறம் சரியில்லை" என்று சமூக விசாரணை அறிக்கையில் எழுதினால், அது இரக்கத்துக்குக் காரணமாகலாம். அதே வரி, இவனை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதற்கும் காரணமாகலாம். வீட்டின் கஷ்டம் ஒரு பிள்ளைக்குச் சாதகமாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தண்டனையாகவும் மாறுவது, அந்த அறிக்கையை எழுதுபவரின் கையில் இருக்கிறது. பையனோடும் அம்மாவோடும் உட்கார்ந்து பேசி எழுதிய அறிக்கைக்கும், ஒரே மாதிரி வாசகங்களைப் பெயர் மாற்றிப் போட்ட அறிக்கைக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது.

இதைவிடக் கொடுமை, குழுமத்துக்கே வராமல் பெரியவர்களின் சிறைக்குப் போய்விடும் பிள்ளைகள். 2016 முதல் 2021 வரை 9,600-க்கு மேற்பட்டவர்கள் இப்படி வயதுவந்தோர் சிறைகளில் இருந்து பிறகு சிறார் எனக் கண்டறியப்பட்டு மாற்றப்பட்டதாக ஐபுரோபோனோ என்ற சட்ட உதவி அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில்களிலிருந்து வெளியிட்டது. வயதை நிறுவப் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால் மருத்துவச் சோதனை என்று 94-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. பள்ளிக்கே போகாத, வீட்டில் பிறந்த, ஊர் ஊராய் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையிடம் எந்தக் காகிதம் இருக்கும்? அவன் தோற்றத்தைப் பார்த்துப் போலீஸ் பத்தொன்பது என்று எழுதினால் பத்தொன்பதுதான்.

பின்னணியைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் இங்கே கொண்டுவரப்பட்டது. பிறந்த சாதியே குற்றத்துக்கு அத்தாட்சி என்று சொல்லி, மக்களைக் கைரேகை வைக்கவும் இரவில் காவல் நிலையத்தில் படுக்கவும் வைத்த சட்டம். எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. ஆறாம் படிவத்தில் சாதிக்கும், குடும்பத்தில் வேறு யார் மேலாவது வழக்கு உண்டா என்பதற்கும் இன்றும் கட்டங்கள் இருக்கின்றன. உதவி எங்கே தேவை என்று அறியக் கேட்பது வேறு. அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பையனை முடிவுசெய்வது வேறு. ஒரே வீட்டில், அதே வறுமையில், அதே தந்தையோடு வளர்ந்த அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருப்பான். தம்பியின் வழக்கைப் பார்க்கும் அலுவலர் அந்த அண்ணனைப் பற்றியும் எழுத வேண்டும்.

பிள்ளை பிடிபட்டுவிட்ட குடும்பத்துக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் நிலைமை மாறும். அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று என்று வயதைக் காட்டும் எதையாவது அன்றைக்கே எடுத்துப் போக வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆகிவிட்டால், அந்த நிபந்தனையைத் தளர்த்தக் குழுமத்தின் முன் பையனைத் திரும்ப நிறுத்த வேண்டும் என்று அதே 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டியதில்லை. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது, வேலைக்குப் போகும் அம்மா அன்று ஒரு நாள் கூலி போனாலும் இருப்பது நல்லது. பகலில் பையனைப் பார்த்துக்கொள்ள முன்வரும் அத்தையோ தாய்மாமனோ, அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கும் தலைமையாசிரியரோ, வேலை கற்றுக்கொடுக்கும் மெக்கானிக் கடைக்காரரோ இருந்தால் அவர்களையும் அலுவலரோடு பேசவைக்க வேண்டும். அவர்கள் பெயரும் முகவரியும் அந்த அறிக்கையில் ஏறியாக வேண்டும்.